ஏழு பதினைந்து நிமிடங்கள்

பேசலாமா, அருகில் யாரும் இல்லையே?
படிவம் இப்படித்தான் தொடங்குகிறது.
பள்ளிப் பேருந்தில் இருக்கிறேன் என்றாள்.
பிள்ளைகள் இறங்கியாயிற்று.
எஞ்சினை அணைத்தால் மறுபடி பிடிக்காது,
வெளியே மைனஸ் இருபத்தாறு,
இந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் டானிக்கா ஹாகன்.
வடக்கு டகோட்டாவில் எண்ணெய் எடுக்கும் பக்கம்.
நான் சட்ட உதவித் தொலைபேசியில் மூன்றாவது மேசை.
வக்கீல் இல்லை. கட்டம் நிரப்புகிறவள்.

எவ்வளவு காலமாக?
அது வழக்கம்தானே என்றாள்.
வழக்கு என்று தட்டினேன்.

வருமானம்?
அவனுடைய கிணற்றுச் சம்பளத்தைச் சொன்னாள்.
அது வேண்டாம், உன்னுடையது மட்டும்.
கொஞ்ச நேரம் எஞ்சின்தான் பேசியது.
அப்படியானால் நான் ஏழையா என்றாள்,
பரிசு விழுந்தவள் குரலில்.

ஏழைதான்.
ஆனால் ஆறு மாவட்டத்துக்கும் எங்களிடம் ஒரே வக்கீல்,
ஏப்ரல் வரை அவளிடம் ஒரு மணி நேரம் இல்லை.
விசாரணை வரும் செவ்வாய்.

உள்ளூரில் ஏழு பேர்.
ஏழு பேரையும் கேட்டுவிட்டாளாம்.
முன்பணம் எவ்வளவு என்று சொல்லும் இடம்வரைகூட
பேச்சு போகவில்லை.
பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே பதில்:
மன்னிக்கவும், உங்களுக்காக வாதாட முடியாது,
ஏன் என்றும் சொல்ல முடியாது.

ஏன் என்று எனக்குத் தெரியும்.
முதல் பதினைந்து நிமிடம் இலவசம் என்று
ஏழு கண்ணாடிக் கதவிலும் எழுதியிருக்கிறது.
நவம்பரில், மான் வேட்டை முடிந்த வாரம்,
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
ஏழு நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறான்.
வக்கீலின் வாயைக் கட்டப் பணம் எதற்கு,
ரகசியம் சொன்னால் போதும்.
சல்லிக்காசு செலவில்லாமல்
ஓர் ஊரின் சட்டம் மொத்தத்தையும் வளைத்துவிட்டான்.

அன்று மாலை கட்டங்களை விட்டுவிட்டேன்.
அவன் தட்டியிருக்கவே வாய்ப்பில்லாத கதவு எது?

நூற்றுநாற்பது மைல் தள்ளி, லோர்னா பிரெக்கி.
கனிமக் குத்தகைப் பத்திரம் மட்டும் எழுதுகிறவள்.
நீதிமன்றப் படியேறி ஒன்பது வருஷம் ஆகிறது,
எனக்கு இதெல்லாம் தெரியாது என்றாள்.
தெரியாது என்றவள் போனை வைக்கவில்லை.
ஹாகன் என்று யாரையாவது தெரியுமா என்றேன்.
தெரியாது.
அது போதும் என்றேன்.

செவ்வாய்க்கு மட்டும் வருவேன். விவாகரத்துக்கு இல்லை.
அறுபது டாலர், இரண்டு தவணை.
இனாமாகச் செய்தால் என்னைக் கேள்வி கேட்கக் கூசுவாள்,
காசு கொடுத்தால் கேட்பாள்.

கேட்டிருக்கிறாள். நடைபாதையில் நின்று
இருபது நிமிடம் கேட்டாளாம்.
உத்தரவு ஒரு வருஷத்துக்கு.
வீடு யாருக்கு, சேமிப்பு யாருக்கு,
அதற்கெல்லாம் வேறு படிவம், வேறு வரிசை.

என் படிவத்தின் கடைசிக் கட்டம்: முடிந்ததா?
ஆம், இல்லை. இரண்டே இடம்.
வெள்ளிக்கிழமை மணி அடித்தது,
குரலுக்கு முன்னால் எஞ்சின் வந்தது.
இரண்டாம் தவணையை எந்த விலாசத்துக்கு அனுப்புவது
என்று கேட்கத்தான் கூப்பிட்டாள்.
சொன்னேன்.
கட்டத்தை இன்னும் தொடவில்லை.