டைனமோ

சனம் என்னட்டைக் கேக்கிற முதல் கேள்வி:
"அந்த டொக்டர் நீங்களோ?"
இல்லை. நான் மீற்றர் வாசிக்கிறவன்.
சுன்னாகத்திலிருந்து உடுவில் மட்டும்
ஆற்றை வீட்டில் எவ்வளவு கறண்ட் போச்செண்டு
கொப்பியில் குறிச்சவன்.
தொண்ணூறாம் ஆண்டு கறண்ட் நிண்டது.
பேந்தும் ஆறு மாதம்
பழக்கத்தில் சுவர்ப்பெட்டிகளைப் போய்ப் பார்த்தன்.
எல்லாத்திலும் அதே எண்.

என்ர மனிசி புஷ்பகாந்தி
அந்த வருஷந்தான் சாருநேத்ரா ஆனவ.

மண்ணெண்ணெய் சமையலுக்கே காணாது.
சைக்கிளை ஸ்ராண்டில் ஏத்தி,
பின் சில்லு நிலத்தில் படாமல் நிப்பாட்டி,
நான் மிதிப்பன். டைனமோ உரஞ்சும்.
முன் லைற்றைக் கழட்டி மேசைக்கு இழுத்தாச்சு.
அந்த மஞ்சள் வட்டத்துக்குள்ளை
லண்டனில் படிச்ச ஒருத்தன்
கப்பலால் இறங்கி வருவான்.
நாற்பத்தொரு பேர் அப்பிடி வந்தவங்கள்.
ஒருத்தனுக்கும் வழுக்கை இல்லை.

மெல்ல மிதிச்சால் எழுத்துத் தெரியாது.
இறுக்கி மிதிச்சால் பல்ப் எரிஞ்சு போம்,
வேற பல்புக்கு எங்கை போறது?
மாமியார் பேச்சுக்கு, சீதனச் சண்டைக்கு
ஒரு சீரான வேகம் காணும்.
காதல்தான் கஷ்டம்.
காதலை அவ கடைசியாய்த்தான் எழுதுவா,
பதினொரு மணிக்கு மேலைதான் மனம் வருமாம்.
எனக்கு அப்ப முழங்கால் போயிடும்.
அவன் அவளின்ர கையைப் பிடிப்பான்.
மூச்சு வாங்கும், எனக்கு.
அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.
வெளிச்சம் செம்மஞ்சளாய் இறங்கும்.
"இன்னும் ரண்டு வரி, இஞ்சேருங்கோ" எண்டுவா.
ரண்டு வரிக்கு என்னட்டைக் கால் இல்லை.
இருட்டுக்குள்ளை
பேனையை மூடுற சத்தம் கேக்கும்.

தாளும் இல்லை. அச்சடிச்சதே
கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்.
காதலர் எல்லாரும்
கோட்டுக்கு மேலை நேராய் நிண்டவை.
வாசிகசாலையில் மட்டை கழண்டு கழண்டு
சாக்கு ஊசியால் தைச்சு வைச்சிருந்தவை.
இணுவிலில் ஒரு பெட்டை
பங்கருக்குள்ளை வாசிச்சு முடிச்சதாய்க் கடிதம் போட்டாள்.
முடிவு பிழையாம்.
அவன் திரும்பி வந்திருக்கக் கூடாதாம்.
ஏனெண்டு எழுதேல்லை.
அவ மூண்டு நாள் பேனை தொடேல்லை.
நான் மூண்டு நாளும் நல்லா நித்திரை கொண்டன்,
அதை நினைச்சால் இப்பவும் வெக்கம்.
கடிதம் அரிசிப் பேணிக்குப் பின்னாலை கிடக்கு.

பேந்து சண்டை முடிஞ்சுது.
ரொறன்ரோவிலிருந்து ஆக்கள் வந்தவை,
போன ஆடியில் மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்தினவை.
விமர்சகர் ஒருத்தர் முக்கால் மணித்தியாலம்:
"முத்தத்தின் வாசலிலேயே நின்றுவிடும்
இந்த அடக்கம், இந்தச் சொற்சிக்கனம்,
இது நம் மண்ணின்..."
அவ மேடையிலிருந்து என்னைத் தேடினா.
நான் கடைசி வரிசையில்
முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தன்.

சமர்ப்பணம் நாற்பத்தொண்டும் பார்த்திருக்கிறன்.
அம்மாளாச்சிக்கு, தம்பிக்கு, பதிப்பகத்தாருக்கு,
ஒருக்கால் ஒரு பூனைக்கு.
நான் கேக்கேல்லை.

இப்ப அவ போனில் தட்டுறா.
தலைக்கு மேலை வெள்ளை வெளிச்சம், அசையாது.
புது நாவலில் முத்தம் ரண்டு பக்கம்.
பழைய தொழில் விடாது, எண்ணிப் பார்த்தன்:
நாற்பத்தாறு வரி.
பிழை எண்டு சொல்லேலாது. வசனமும் வடிவு.
ஆனால் ஒரு வரியிலும்
ஆருக்கும் மூச்சு வாங்கேல்லை.

நேற்று சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைச்சன்.
சந்தைக்குப் போகவெண்டு சொன்னன்.