காதுக்குறி

இரவு பதினொரு மணி வெயிலில்
தாயிடமிருந்து பிரித்து ஓட்டி வந்தேன்,
வெள்ளை மூக்குக் கன்று.
தாய் ரவ்ட்னாவின் மான்.
எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம்:
கன்று யார் மானின் பின்னே ஓடுகிறதோ
அவர் குறிதான் அதன் காதில்.

கத்தியை எடுத்தேன்.
இடது காதின் நுனியில் ஒரு கவை,
வலது காதின் பின்னோரம் இரண்டு கொத்து.
என் அப்பன் வழிக் கையெழுத்து.
நறுக்கிய துணுக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
துணுக்குகளை வைத்துத்தான்
கோடை முடிவில் கன்றுகளை எண்ணுவோம்.

அது வளர்ந்தது, ஈன்றது,
ஈன்றவையும் ஈன்றன.
ஒரு மார்கழியில் அதை அறுத்து
வீட்டுக்கு வந்த போதகருக்கே குழம்பு வைத்தேன்.
இன்னொரு கரண்டி கேட்டார்.

இருபத்தாறு குளிர்காலம்
ஆண்டவரிடம் கேட்டேன்.
சமாதானம் கேட்டேன், கிருபை கேட்டேன்,
ஒரு முழு இரவுத் தூக்கமாவது கேட்டேன்.
ஜெபக் கூட்டங்களில் மற்றவர்கள்
அழுது, தழுவி, முகம் கழுவினவர்கள் போல
வெளியே பனிக்குள் போனார்கள்.
நான் கடைசிப் பெஞ்சில்
தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.
கேட்டேன், கேட்டேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டுக்கும் ஒரே சொல்தான்;
அதை முழுக்க வாயே தின்றுவிட்டது,
காதுக்கு மிச்சம் வைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஏன் அன்றைக்கு என்று தெரியாது.
பனி ஸ்கூட்டரில் ஏரியைக் கடந்து போனேன்.

ரவ்ட்னா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.
ரேடியோவில் வானிலை.
நின்றபடியே சொல்லிவிட்டேன்,
காலணிப் பனி தரையில் உருகுவதற்குள்.

"வெள்ளை மூக்கு" என்றாள்.
அவள் கத்தி நிற்கவில்லை.
"தாய் மூன்று நாள் கூடாரத்தைச் சுற்றிக் கத்திற்று.
ஓநாய் என்றான் மஹ்தே, பாவம்.
ஓநாய் என்றால் புல்லில் ரத்தம் இருக்கும்."

"தெரியுமா உனக்கு?"

"பார்த்துக்கொண்டே இருந்தேன், நீ எப்போது வருவாய் என்று.
இங்கிருந்து உன் வீடு ஏழு கிலோமீட்டர்.
அதற்குள் பரலோகம் வரை போய்
அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தாயா?"

எழுந்தாள். கை கழுவவில்லை.
செதில் ஒட்டிய விரல்களால்
என் கழுத்தைக் கட்டிக்கொண்டு
இடது காதில் சொன்னாள்,
எங்கள் சபையில் யாரும் யாருக்கும் சொல்லலாகும் அதை:
இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும்
உனக்கு மன்னிப்பு உண்டு, ஆண்டே, நம்பு.

ஒளி ஒன்றும் இறங்கவில்லை.
மீன் நாற்றம்.
நாளைக்கு வடமேற்குக் காற்று என்றது ரேடியோ.
அவள் தோள் எலும்பு என் தாடையில் குத்திற்று.

"வசந்தத்தில் ஆறு பெண்மான் ஓட்டி வா."
"எட்டு" என்றேன்.
"ஆறுதான். கிருபை வேறு, கணக்கு வேறு."
காப்பி ஊற்றினாள்.

திரும்பும்போது ஏரி நடுவில்
எரிபொருள் ஊற்ற எஞ்சினை நிறுத்தினேன்.
அடியில் எங்கோ பனிக்கட்டி
நீளமாய் ஒரு முறை முனகிற்று;
பிறகு என் மூச்சு மீசையில் உறையும் சத்தம்.
அவ்வளவு சின்னச் சத்தம்.
நின்று கேட்டேன்.

காதில் ஏதோ குளிர்ந்தது.
ஒற்றைச் செதில், ஒட்டி உறைந்து.

வீடு வரை அதைத் தொடவில்லை.