அடையாளக் குறிகள் இரண்டு

பென்சிலால்தான் எழுதுகிறேன்.
இது மூன்றாவது ஜெராக்ஸ்.
மாரண்டஅள்ளிக் கடைக்காரர்
"எக்ஸாமா, லோனா?" என்று கேட்டு
ஐந்து பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்கினார்.

பெங்களூரில், நெஞ்சில் எண் கட்டிய பிறகு
இதே படிவத்தைப் பேனாவால் நிரப்பச் சொல்வார்கள்.
அடித்தல் திருத்தல் கூடாது.
அதனால் வீட்டில்
அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

முதல் பெயர்: ரூபகலா.
கடைசிப் பெயர் என்றொரு கட்டம்.
எங்களுக்கு அது முன்னால் வரும்,
ஒற்றை எழுத்தாக, ஒரு புள்ளியோடு.
போன முறை அந்த 'மா'வை விரித்து எழுதிவிட்டேன்.
நான்கு நாளும் என்னை
"மாதையன்" என்றே கூப்பிட்டார்கள்.
மாதையன், கயிறு ஏறு.
மாதையன், உன் குழு எங்கே?
மாதையன், பேசு.
நான் திரும்பும்போதெல்லாம்
பாலக்கோடு மண்டியில் கூடை இறக்கும் மனிதரும்
தலைச்சுமையோடு கூடவே திரும்பினார்.
ஐந்தாம் நாள் எண்களை மட்டும் வாசித்தார்கள்.
அதில் அப்பாவும் இல்லை, நானும் இல்லை.

தந்தையின் ஆண்டு வருமானம்.
தக்காளி கிலோ நூற்றிருபது விற்ற ஆண்டா,
கூடையோடு ரோட்டோரம் கொட்டிய ஆண்டா?
வி.ஏ.ஓ. சான்றில் எழுபத்திரண்டாயிரம்.
அப்பாவிடம் கேட்டேன்.
"எந்த நம்பர் போட்டா வேலை குடுப்பான்?"
வேலை இல்லப்பா, பொறுப்பு.
"சம்பளம் உண்டுல்ல?"
உண்டு.
"அப்போ வேலைதான்."

பொழுதுபோக்கு.
இரண்டு முறையும் 'புத்தக வாசிப்பு' என்று எழுதினேன்.
கடைசியாக என்ன படித்தாய் என்றார் கர்னல்.
உண்மையில் படித்தது
இந்தப் படிவத்தை நிரப்புவது எப்படி என்ற புத்தகம்.
அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.
வேறொன்றைச் சொன்னேன்.
எழுதியவர் யார் என்றார்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது அழித்துவிட்டு எழுதுகிறேன்:
மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர்.
காண்டாக்ட் கருகினால் உப்புத்தாளால் தேய்ப்பேன்.
உறுமலைக் கேட்டே
ஒரு பேஸ் வரவில்லை என்று சொல்வேன்.

வகித்த தலைமைப் பொறுப்புகள்.
கல்லூரியில் என்.சி.சி. பையன்களுக்கு மட்டும்தான்.
'இல்லை' என்று எழுதி
அந்த 'இல்லை'யை வெகுநேரம் பார்த்தேன்.
மெயின் குழாய் உடைந்த கோடையில்
தண்ணீர் லாரி வந்த ராத்திரி
நூற்றிப் பத்துக் குடத்துக்கும்
சாக்பீஸால் எண் போட்டவள் நான்.
வார்டு மெம்பர் வீட்டுக் குடம் எழுபத்தாறு.
அந்தம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.
அதற்கு எந்தக் கட்டம்?

அடையாளக் குறிகள் இரண்டு.
இடது முழங்காலில் தழும்பு.
இரண்டாவது?
பல்லைச் சொல்லலாம்.
பழுப்புக் கோடு, சுண்ணாம்புத் திட்டு,
போர்த் தண்ணீரின் கிறுக்கல்.
ஆனால் எங்கள் வகுப்பில்
முப்பத்தொன்பது பேர் வாயிலும் அதே கையெழுத்து.
ஊருக்கே இருப்பதை வைத்து
ஒருத்தியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

தம்பி, ஒகேனக்கல் தண்ணீர்
குழாயில் வந்த பிறகு பிறந்தவன்.
எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான், அத்தனையும் வெள்ளை.
"லேசா சிரிம்மா" என்று
போட்டோக்காரர் மூன்று முறை சொன்னார்.
பாஸ்போர்ட் அளவில் நான் எட்டுப் பேர்.
எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு.

பதினைந்து நொடிக்கு ஒரு சொல், ஒரு வாக்கியம்.
தம்பி செல்போனில் நேரம் வைத்து வாசிக்கிறான்.
"தண்ணீர்."
வரிசையில் கடைசிக் குடமும் நிறைய வேண்டும்.
"தோல்வி."
மூன்றாம் முறை டிக்கெட் எடுத்தாயிற்று.
பட்டியலில் இல்லாததை அவனே சேர்த்தான்:
"பல்."

பென்சில் நின்றது.
"அக்கா, டைம் முடிஞ்சுது."
அடுத்ததைச் சொல்லுடா.

படுக்கும் முன்
படிவத்திலிருந்து ரப்பர் தூளை ஊதினேன்.
ஸ்டுடியோ காலை எட்டு மணிக்குத் திறக்கும்.
எட்டு காப்பி, எண்பது ரூபாய்.
அப்பாவிடம் கேட்க வேண்டும்.
இருக்கிற போட்டோவுக்கு என்ன குறை என்பார்.