நான்கு புள்ளி ஒன்று

சிவப்பு மருந்தை விட்டால்
ஃப்ளோரைடு இருக்கிற அளவுக்குத் தண்ணீரில் அந்தச் சிவப்பு வெளிறும்.
வெளிறுவதைப் பார்த்து எண் எழுதுவது என் வேலை,
பதினோரு வருடமாக,
தருமபுரியில் ஒரு மாடிப்படிக்குக் கீழிருந்த அறையில்.

பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு காலனியில்
தொள்ளாயிரம் அடியில் கிடைத்த தண்ணீர்
அன்றைக்கு ஏறக்குறைய நிறமே இல்லாமல் நின்றது.
நான்கு புள்ளி ஒன்று.
ஒன்றரையைத் தாண்டினால் குடிக்கக் கூடாது.

மார்ச் முப்பத்தொன்று, மாலை நாலு மணி.
ஒப்பந்தக்காரர் சென்றாயன் பில்லோடு உட்கார்ந்திருந்தார்.
மிரட்டவில்லை. பணம் நீட்டவில்லை.
"சனங்க ரெண்டு வருசமா தண்ணிக்கு அலையுதுங்க சார்."
அது உண்மை.
ஒன்று புள்ளி நான்கு என்று எழுதினேன்.
புதிதாக ஓர் எண்ணைக்கூட நான் புனையவில்லை.
அதே நான்கு, அதே ஒன்று.
புள்ளிகூட நகரவில்லை.
(ஒரு கூடை தக்காளி வீட்டுக்கு வந்தது. பிறகுதான் வந்தது.
ரசம் வைத்தோம்.)

எட்டு வருடம் கழித்து
வேடியப்பன் பொங்கலுக்கு அந்த வழியாகப் போனேன்.
பவித்திரா குடத்தோடு வந்தாள்.
முழங்கால்கள் உள்வளைந்து
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடந்தன.
சிரித்தபோது பல்லெல்லாம் பழுப்புக் கோடு.
"எந்தச் சென்மத்துப் பாவமோ சார்,
இது தலைல வந்து விடிஞ்சிருக்கு"
என்றாள் அவள் அம்மா மாதம்மாள்.
நான் தலையாட்டினேன்.

தலையாட்டியதைத் தனிக் குற்றமாக எழுதி வைத்திருக்கிறேன்.
அந்தச் சென்மம் எதுவென்று எனக்குத் தெரியும்.
தேதி தெரியும். மேசை தெரியும்.
பேனா சரியாக எழுதாமல்
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்த வட்டம்கூட
பதிவேட்டில் இருக்கிறது.

வினை விதைத்தவன் வினை அறுப்பானாம்.
விதைத்தவன் வீட்டில் கேன் தண்ணீர்.
விதைத்தவன் மகளுக்கு முத்துப் பல்.
விதைத்தவனுக்குப் பதவி உயர்வும் வந்தது,
அறுப்பு மட்டும் அடுத்தவள் எலும்பில் நடக்கிறது.

மேலே உட்கார்ந்து எழுதுகிறவனும்
என்னைப்போலவே
எண்களை இடம் மாற்றிப் போடுகிறவனோ
என்று ஒரு ராத்திரி தோன்றியது.
தோன்றியதும் நெஞ்சு லேசானது.
அவனைக் கண்டு பயப்படாதவன்
அந்த லேசைக் கண்டு பயந்தேன்.

வேடியப்பன் கல்லில்
வில்லேந்திய ஓர் ஆள், காலடியில் இரண்டு மாடு.
மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டதும்
ஊர் செய்த கர்மம் என்று சொல்லிப் படுத்துவிடாமல்
எழுந்து போயிருக்கிறான்.
போனதால் செத்தான். செத்ததால் சாமி.
எங்கள் பக்கத்துக் கடவுள்கள் பெரும்பாலும்
இப்படி யாரோ ஒரு ஆளாக இருந்தவர்கள்தான்.
அவனிடம் மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருந்தது.
எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறிக் கண் தேய்ந்துவிட்டது,
பார்க்கிறானா தெரியவில்லை.
பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்
அது நான்கு புள்ளி ஒன்றுதான்.

ஒகேனக்கல் குழாய் வந்த பிறகும்
அங்கே வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர்.
மற்ற ஆறு நாளும் என் தண்ணீர்.

இன்று மறுபடி போனேன்,
பதிவேட்டின் நகலை நாலாக மடித்து.
பஸ்ஸில் மூன்று விதமாகப் பேசிப் பார்த்தேன்.
மூன்றிலும் மார்ச் முப்பத்தொன்று வந்தது,
மேலதிகாரி வந்தார், சென்றாயன் வந்தார்,
நான் கடைசியில்தான் வந்தேன்.

மாதம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன். கை நடுங்கி
சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

"அது கர்மம் இல்லீங்கம்மா.
என் பேரு முனிரத்தினம்."

"என்னது?" என்றாள்.
பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.