சர்வே எண் 214

குப்பத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
மூன்று மாநிலத்துப் பேருந்தும் திரும்பிப் போகிற இடம்.
நாற்பத்திரண்டு ஏக்கர், அரசின் பெயரில்.
விளைச்சல் பள்ளிக்கூடத்துக்கு என்று
எப்போதோ ஒரு கலெக்டர் எழுதிவைத்தார்.
என் சம்பளமும் அங்கேதான் காய்க்கிறது:
தமிழ்ப் பிரிவு, கணக்கு, தற்காலிகம்.

போன வருஷம் புளி ஏலம் முப்பத்தெட்டாயிரம்.
ஆறாம் வகுப்புக்குப் பாதிக் கூரை வந்தது.
மிச்சப் பாதிக்கு வானம்.

இந்த வருஷம் பாறையைக் கேட்கிறார்கள்.
பச்சைக் கருங்கல். மெருகேற்றினால் முகம் தெரியுமாம்.
வருஷத்துக்குப் பதினாலு லட்சம்.
விஆர்ஓ சலபதி தெலுங்கு அறிக்கையை நீட்டி
தமிழில் எழுதித் தரச் சொன்னார்.
'ஆட்சேபணை உள்ளவர்கள்' என்ற இடத்தில்
பேனா நின்றது. மை இருந்தது.

பாறை விளிம்பில் ஒரு கொம்பன் ஆந்தை.
அது கக்கிய உருண்டைகளைப் பிரித்து
எலி மண்டையோடு எண்ணுவது எங்கள் பெருக்கல் பாடம்.
இரவுக்கு மூன்று எலி என்றால் வருஷத்துக்கு எத்தனை,
தப்பித்த நிலக்கடலை எத்தனை மூட்டை?
முனிரத்தினத்தின் விடை சரி.
அதை எந்தப் பதிவேட்டில் வரவு வைப்பது
என்று மட்டும் கேட்டான்.

கூட்டத்தில் வேடியம்மா எழுந்தாள்:
"புளி அடுத்த மாசியிலயும் காய்க்கும். கல்லு காய்க்குமா?"
பின்வரிசையில் ஒருவர்:
"எம் பொண்ணு நனையுறா. ஆந்தையா வந்து கொடை புடிக்கும்?"
இரண்டுக்கும் தலையாட்டினேன்.
கை தூக்கச் சொன்னபோது
வருகைப் பதிவேட்டை
இரு கைகளாலும் பிடித்திருந்தேன்.

தீர்மானம்: தெற்குச் சரிவு மட்டும், மூன்று வருஷம்.
வடக்கில் உளி படக்கூடாது.
ஆந்தை அடைகாக்கும் மாதங்களில் வெடி கிடையாது.
முதல் தவணையில் கூரை,
இரண்டாவதில் என் ஒன்பது மாத பாக்கி.
நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சர்வேயர் சுண்ணாம்பால் கோடு இழுத்துப் போனார்.
அதற்குக் குறுக்கே, விளிம்பிலிருந்து கீழே,
ஆந்தை எச்சம் வழிந்து வழிந்து
பல வருஷத்து வெள்ளைக் கோடு ஒன்று.
"டீச்சர், இதுல எது எல்லை?"
வாயைத் திறப்பதற்குள் மழை.
புதிய கோடு முதலில் கரைந்தது.
கணக்கு நோட்டுகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு
பாதிக் கூரைக்கு ஓடினோம்.