டிகிரி பார்க்கிறவன்

சேடபட்டிக்கு மேற்கே
கண்மாய்க்கரையை ஒட்டிய பால் சங்கத்தில்
பத்தொன்பது வருஷமாய்
டிகிரி பார்க்கிறவன் நான்.
குவளையில் பாலை ஊற்றி
லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு
இருபத்தெட்டு என்றால் தலையாட்டுவேன்.
இருபத்துநாலு என்றால்
ஊற்றியவர் முகத்தைப் பார்ப்பேன்.
பேச வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் இதே கண்ணோடுதான்
கோயிலுக்கு வந்தேன், ஆண்டவரே.

என்னிடம் கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருந்தது.
காலை நாலரைக்கு ஜெபம், ஒரு டிக்.
வேதத்தில் மூன்று அதிகாரம், ஒரு டிக்.
லெந்து நாட்களில் உபவாசத்துக்குத் தனிக் கட்டம், சிவப்பு மையில்.
தூக்கத்தில் உதடு மட்டும் அசைந்த நாட்களுக்கும்
டிக் போட்டேன்.
அந்தப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று
நீர் ஒருநாளும் மிதக்கவிட்டுப் பார்க்கவில்லை.

சபைப் பொருளாளர் ஆனதும்
சந்தா நோட்டும் என் கைக்கு வந்தது.
லீதியாள் புருஷன் செத்த அன்று
மூன்று வருஷப் பாக்கி
முன்னூற்று நாற்பது ரூபாயைக் கட்டிவிட்டு
கல்லறைச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.
சத்தம் போடவில்லை.
மரியாதையாகத்தான் சொன்னேன்.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
பித்தளைத் தவலையை இடுப்பில் இடுக்கி
பேரையூர் ரோட்டில் போனாள்.
திரும்பி வரும்போது இடுப்பு வெறுமையாய் இருந்தது.
கார்பன் வைத்து ரசீது எழுதினேன்.
மறுநாள் காலைக் கட்டத்திலும்
டிக் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

போன மாசியில்
லெந்து தொடங்கி இரண்டாவது வாரம்
செவலைக்கு நடுச்சாமத்தில் நோவு கண்டது.
உசிலம்பட்டி டாக்டர் போனை எடுக்கவில்லை.
உள்ளே கன்றின் தலை மடங்கிக் கிடந்தது.
விளக்கெண்ணெய் தடவி
முழங்கை வரை கையை விட்டு
மண்டி போட்டிருந்தேன்.
பக்கத்து வீட்டு விருமாயி டார்ச் பிடித்தாள்,
மாட்டின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே.
நாலரைக்கு உபதேசியார் மணி அடித்தார்.
கேட்டது.
கையை எடுக்க முடியாது. எடுக்கவும் தோன்றவில்லை.
பயமும் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.
அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.
நீரும் இருந்தீர்.
எப்படித் தெரியும் என்றால் சொல்ல வராது.
சாணி வாடை, ஈர வைக்கோல்,
மாட்டின் மூச்சு.
உமக்குப் பழக்கமான இடம்தானே.

அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது.
பிற்பாடு நிரப்பலாமென்று பேனா எடுத்தேன்.
ஜெபித்தேன் என்று எழுதினால் பொய்.
ஜெபிக்கவில்லை என்று எழுதினால்
அதைவிடப் பெரிய பொய்.
மூடி வைத்தேன்.

ஈஸ்டர் கழிந்து லீதியாள் வீட்டுக்குப் போனேன்.
முன்னூற்று நாற்பதோடு
தவலைக்கென்று கொஞ்சம் சேர்த்திருந்தேன்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.
'ரசீது குடுத்துட்டீகள்ல.
கணக்கு முடிஞ்சு போச்சுய்யா.'
மறுவாரமும் போனேன், பணம் இல்லாமல்.
கூரையில் ஒரு தகரம் பெயர்ந்து கிடந்தது.
ஏறி ஆணி அடித்தேன்.
செம்பில் தண்ணீர் வைத்துவிட்டு
உள்ளே போய்விட்டாள்.
குடித்தேன்.

இப்போதும் நாலரைக்கு விழிப்பு தட்டிவிடுகிறது.
சில நாள் வாய்விட்டு ஜெபிக்கிறேன்.
சில நாள் செவலையின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக் கறக்கிறேன்,
ஒரு வார்த்தை வராது.
கை பேனாவைத் தேடுவது
இன்னும் முழுசாய்ப் போகவில்லை.
'ஜெபம் பண்ணியாச்சா?'
அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி கேட்கிறாள்.
'தெரியல' என்கிறேன்.
சிரிக்கிறாள்.

ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டு வைக்கிறேன்.
முட்டி முட்டிக் குடிக்கிறது.
ஒரு லிட்டரா, ரெண்டா,
பார்த்ததில்லை.
சங்கத்துக்கு நேரமாச்சு என்று
விருமாயி தெருவில் நின்று
கேனைத் தட்டுகிறாள்.