இருபத்தெட்டு ஓம்

மூன்றாம் நாளும் சுற்றியது, சூடில்லை.
தொண்ணூறு நிமிடம் உருண்ட துவாய்
கையில் எடுத்தால் மீன்சந்தைச் சாக்கு.

வூப்பர்டாலில் மழைக்கு விடுமுறை கிடையாது.
பல்கனியில் கொடி கட்ட
வாடகைப் பத்திரத்தின் பதினாலாம் பந்தி விடாது.
மெக்கானிக் படியேறவே தொண்ணூற்றைந்து யூரோவாம்,
திருத்துவது வேறு கணக்கு.

குகநேசனிடம் கேட்கலாம்.
நாங்கள் கதைத்து ஒன்பது நாள்.
மச்சானின் வங்கிக் கடனுக்கு
எனக்குச் சொல்லாமல் பிணை நின்ற கையெழுத்து
சமையலறை மேசையில் இன்னும் காயவில்லை.

ஞாயிறு. சத்தம் போடக்கூடாத நாள்.
கீழ்வீட்டுத் திருமதி ப்ரிங்க்மான்
கரண்டி விழுந்தாலும் நேரம் குறித்துவைப்பார்.
பிளக்கைக் கழற்றி
வயரின் தலையைக் கண்முன்னே வைத்துக்கொண்டேன்,
தெரியாமல் யாரும் கொழுவிவிடாதபடி.

வடியில் பஞ்சு ஒரு விரல் தடிப்பு.
அவனுடைய பேக்கரி வெள்ளை,
என் முதியோர் இல்லப் பச்சை,
ஆரணியின் ஊதா,
எல்லாம் சேர்ந்து எலியின் நிறம்.
கீழே கண்டென்சரை இழுத்தேன்.
தகடுகளுக்கிடையில்
பூனைக்குட்டியளவு ஈரக் கம்பளி.
மூச்சு விட இடமில்லாமல்தான்
உள்ளே கொதித்திருக்கிறது.
ஒவ்வொரு மாதமும் கழுவவும் என்று
படம்போட்டே ஒட்டியிருக்கிறார்கள்.
அது அவன் முறை.
கலியாணமான புதிதில் வேலை பிரித்தபோது
தானே விரும்பி எடுத்தது.
குளியல்தொட்டியில் போட்டு ஷவரால் அடித்தேன்,
தேவைக்கு மேலேயும் கொஞ்சம்.

பின்தகடு. எட்டு நட்சத்திரத் திருகாணி.
ஏழு வந்தது.
எட்டாவதுக்கு எனக்குத் தெரிந்த
இரண்டு பாஷையின் தூஷணமும் போதவில்லை.

உள்ளே, விசிறிக்குப் பக்கத்தில்,
பிறைபோல வளைந்த ஒரு கம்பி.
ஆறு மாதமாகக் கடகடத்ததற்கு
அவன் காற்சட்டைச் சில்லறையைத்தான் திட்டினேன்.
அவன் தாய்க்கு ஃபோன் எடுத்தும் சொன்னேன்.
கம்பி என்னுடையது.
போன வருடத் தள்ளுபடியில் வாங்கிய நீலப் பிரா.
துடைத்து
ஜீன்ஸ் பைக்குள் ஒளித்தேன்.

பதினொரு யூரோ மல்டிமீட்டர்.
இரண்டு ஊசியும் தொட்டுக்கொண்டால் பூச்சியம்,
வழி இருக்கிறது.
தொடாவிட்டால் இடப்பக்கம் தனியே ஓர் ஒன்று.
ஒன்று என்றால் ஒன்றுமில்லை.
அதன் கணக்கு அப்படி.

ஹீட்டரைக் கேட்டேன், இருக்கிறியா?
இருபத்தெட்டு ஓம்.
எங்கட ஊர் ஆள்போல்
ஒரு தரம் கேட்டதற்கு இருபத்தெட்டு ஓம்.
தெர்மோஸ்டாட்டும் ஓம் என்றது.
அதை ஒட்டி, சட்டைப் பொத்தான் அளவில்
வெப்ப உருகி.
எல்லை தாண்டினால் ஒரே ஒருமுறை அறும்,
பிறகு எவ்வளவு ஆறினாலும் ஒட்டாது.
கேட்டேன்.
ஒன்று.
ஊசியை அழுத்திக் கேட்டேன்.
ஒன்று.

விலை நாலு யூரோ முப்பது சதம்.
பார்சல் வரும்வரை
கதவுப் பிடிகளில் காலுறை,
ஹீட்டிங்கின்மேல் உள்ளாடை,
புத்தக அலுமாரியில் அவன் ஏப்ரன்,
கையிரண்டையும் தொங்கவிட்டபடி.

புதன் பின்னேரம் பூட்டினேன்.
இரண்டு வயர், இரண்டு திருகாணி, கால்மணி நேரம்.
எட்டாவது திருகாணியைப் பூட்டவில்லை,
அதோடு இனிக் கதையில்லை.
பட்டனை அழுத்திக் கண்ணாடிக் கதவில்
உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன்.
பத்தாவது நிமிடம்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல் சுட்டது.

இரவு ஷிப்டுக்கு எழும்பியவன்
பாத்ரூம் வாசலில் நின்றான்.
காய்ந்த ஏப்ரனை எடுத்து முகத்தில் வைத்தான்.
நீ கண்டென்சரைக் கழுவவில்லை என்று
தொடங்க வாயெடுத்தேன்.
குனிந்தபோது
பைக்குள் இருந்த கம்பி தொடையில் குத்தியது.

"தேத்தண்ணி போடவா?"
என்னைக் கேட்டானா, மெஷினைக் கேட்டானா, தெரியாது.
கடிதம் அதே மேசையில்தான் இருக்கிறது.

ஓம் என்றேன்.
சீனி வேண்டாம்.